தும்லிங்கில் ஓர் இரவு



விடுமுறை வந்தால் கொல்கத்தாவில் வாழும் தமிழர்களாகிய நாம் என்ன செய்கிறோம்? தெற்கே செல்லும் வண்டியில் இடம் பிடிக்கிறோம். அங்கே ஒரு திருமணம், இங்கே ஒரு காதணி விழா, குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல், பூட்டிக் கிடக்கும் வீட்டின் ஓட்டுக்கு ஒரு மராமத்து என்று ஆண்டு விடுப்பு முழுவதும் செலவாகிவிடுகிறது. வடக்கே ஓர் இரவுப் பயணம் செய்தால் உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரத்தைக் காணலாம் என்பது நமக்குத் தெரியாததன்று; அதற்கென நாள் ஒதுக்குவதில்லை, அவ்வளவுதான். லேக் மார்க்கெட்டைச் சுற்றி முப்பது ஆண்டு குடியிருந்தும் டார்ஜிலிங் காணாத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. சென்ற டிசம்பர் வரையில் எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

எங்களைப் புறப்படச் செய்தவர் எங்கள் அன்னையார். அவருக்கு வயது எழுபத்தொன்று. தந்தையார் மறைந்தபின், கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து எங்களோடு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வங்காளம் தெரியாது. மூன்றாம் மாடியில் சன்னலோரம் அமர்ந்து தெருவைப் பார்ப்பதும், பேரன் பள்ளியிலிருந்து வரும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பதுமாக நாளைக் கழித்துவந்தார். அடுத்த வீட்டு வங்காள அம்மையார் ஒருநாள் நாட்காட்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதில் கஞ்சன்ஜங்காவின் படம். "இது மேகமா, மலையா?" என்று அன்னையார் கேட்டார். மலைதான் என்றோம். "மலை என்றால் பார்க்க வேண்டும்" என்றார். இரண்டு ஆண்டுகளில் தமக்கென்று அவர் கேட்டது அது ஒன்றே. வாயைத் திறந்து கேட்டுவிட்டவரிடம், "குளிருமே, உங்களால் முடியாதே" என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆனால் மனம் வராமை மட்டும் போதாது அன்றோ? முதலில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, போகலாம் என்றார். கூடவே சில கட்டளைகளும் இட்டார். டார்ஜிலிங்கில் இரண்டு இரவுகள் தங்கி உடம்பைப் பழக்கிய பிறகே மேலே செல்ல வேண்டும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றினால் அதற்கு மேல் ஓர் அடியும் ஏறக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ இரவென்றும் பகலென்றும் பாராமல் கீழே இறங்கிவிட வேண்டும். இவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம்.

இன்னொரு சடங்கும் இருந்தது. நாங்கள் மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர்கள். சிங்கலீலா மலைத்தொடரின் முகட்டு வழி இந்திய நேபாள எல்லையையொட்டிச் செல்கிறது; நாங்கள் தங்க எண்ணிய தும்லிங் என்னும் சிற்றூர் நேபாளப் பக்கத்தில் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப்பின் இந்தியர் அங்கே செல்லக் கடவுச்சீட்டு வேண்டுவதில்லை. ஆனால் அரசு ஊழியர் வெளிநாடு செல்ல மேலிடத்தின் முன் அனுமதி வேண்டும். எனவே, "நாடு: நேபாளம். ஊர்: தும்லிங். காலம்: ஓர் இரவு. நோக்கம்: தாயாருக்கு மலை காட்டுதல்" என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். அனுமதி கிடைத்தது. கோப்பைத் திருப்பித் தந்த அதிகாரி, "தாயாருக்கு ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன்" என்றார். மறுநாள் கொண்டுவந்தும் கொடுத்தார்.

சியால்தாவில் டார்ஜிலிங் மெயில் ஏறினோம். நாட்டுப் பிரிவினைக்கு முன் இந்த வண்டி இன்றைய வங்கதேசத்தின் வழியாக நேரே வடக்கு நோக்கிச் சென்றது. 1915-ஆம் ஆண்டில் பத்மா ஆற்றின்மேல் ஹார்டிஞ்சு பாலம் திறக்கப்படும்வரை பயணிகள் இறங்கிப் படகில் ஆற்றைக் கடந்து மறுகரையில் வேறு வண்டி ஏற வேண்டியிருந்தது. இன்று வண்டி ஃபராக்காவில் கங்கையைக் கடக்கிறது. பெரும்பாலோர் அப்போது உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அன்னையார் மட்டும் விழித்திருந்து கங்கைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

டார்ஜிலிங்கின் சிற்றிரயிலைப் பற்றி விரிவாகச் சொல்லப்போவதில்லை. உதகை இரயிலில் சென்றிருப்பீர்கள். அங்கே தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் உண்டு, அதைக் கவ்வி வண்டி ஏறும். இங்கே பற்சட்டம் இல்லை. வளையமிட்டும், முன்னும் பின்னுமாக நகர்ந்தும் இரண்டடி அகலத் தண்டவாளத்தில் 1881 முதல் ஏறிக்கொண்டிருக்கிறது. கூம் நிலையத்தின் உயரம் 2,258 மீட்டர். அங்கிருந்து டார்ஜிலிங் வரையில் பிள்ளைகளுக்காக ஏறினோம்; கரித்தூள் கண்ணில் விழுந்ததைத் தவிர வேறு குறையில்லை.

இரண்டாம் நாள் விடியுமுன் டைகர் ஹில் சென்றோம். டைகர் ஹில் என்றால் புலிக்குன்று. இமயத்தில் கரிகாலன் புலிச்சின்னம் பொறித்தான் என்று பாடத்தில் படித்திருந்த எங்கள் மகன், "அது இதுதானா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற வங்காளத் தாத்தா ஒருவருக்கு இக்கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் மிக மகிழ்ந்து, "எழுதிவையுங்கள், எழுதிவையுங்கள்" என்றார். அன்று மலை தெரியவில்லை. முழுதும் மேகம். கூடியிருந்தோர் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினர்.

நம் சேர சோழர்கள் இமயத்தில் எதைப் பொறித்தார்களோ, அதை அளந்ததில் தமிழகத்துக்கும் கொல்கத்தாவுக்கும் ஐயமற்ற பங்கு உண்டு. 1802-ஆம் ஆண்டில் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னைப் பரங்கிமலையருகே ஓர் அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே வளர்ந்த அளவைதான் பெருமுக்கோண நில அளவை. அது இமயத்தின் அடிவாரத்தை எட்டியபோது, உலகில் உயர்ந்தது கஞ்சன்ஜங்காவே என்று பலரும் எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தை மாற்றிய கணக்கைப் போட்டவர் கொல்கத்தாவைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். மேற்கே, பதினைந்தாம் எண்ணிட்ட சிகரம் ஒன்று அதனினும் உயர்ந்தது என்று 1852-இல் அவருடைய கணக்குக் காட்டியது. அதற்குப் பெயர் சூட்டியபோது, கணக்கிட்டவரின் பெயரை விட்டுவிட்டு முந்தைய தலைமை அளவையாளர் எவரெஸ்டின் பெயரை இட்டனர். வங்காளிகள் இதனை இன்றும் மறக்கவில்லை; மறக்க வேண்டியதும் இல்லை.

மூன்றாம் நாள் காலை மானேபஞ்சன் என்னும் ஊரில் அடையாள அட்டைகளைக் காட்டிப் பெயர் பதிந்து, வாடகை வண்டி ஒன்றில் மேலேறினோம். 1950-களில் செய்த லேண்ட் ரோவர் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. எங்களுக்குக் கிடைத்தது புதிய வண்டி. ஓட்டுநர் நேபாளி மொழி பேசுபவர். அவர் அன்னையாரை "ஆமா" என்று அழைத்தார். அம்மொழியில் ஆமா என்றால் அம்மா. அன்னையாரோ, தாம் ஏதும் கேளாமலே இந்தப் பிள்ளை ஏன் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறான் என்று வியந்துகொண்டிருந்தார். பொருள் சொன்ன பிறகு, இறங்கும் இடமெல்லாம் அவர் தோளைப் பிடித்தே இறங்கினார்.

தும்லிங்கின் உயரம் ஏறத்தாழ 2,970 மீட்டர். பாதையின் ஒரு பக்கம் இந்தியா, மறுபக்கம் நேபாளம். வேலி இல்லை, கோழிகள் இரு நாட்டிலும் மேய்ந்தன. நேபாளத்தின் நேரம் நம் நேரத்துக்குக் கால்மணி முந்தியது. விடுதியின் கூடத்தில் நின்றால் கைபேசி நேபாள நேரம் காட்டியது. சாலையைக் கடந்து பத்தடி வந்தால் நம் நேரத்துக்குத் திரும்பியது. பிள்ளைகள் இருவரும் கால்மணியை இழப்பதும் பெறுவதுமாக அந்தி சாயும்வரை விளையாடினர்.

அந்தி சாய்ந்ததும் குளிர் இறங்கியது. குளிர் என்று நாம் கொல்கத்தாவில் சொல்வது வேறு. வெலிங்டன் சதுக்கத்தில் வாங்கிய கம்பளிச் சட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தும் பல் கிட்டியது. தேங்காயெண்ணெய் சிலிகுரியிலேயே உறைந்துவிட்டிருந்தது. இங்கே பற்பசையும் கட்டியாயிற்று. வாழ்நாளில் காலுறை அணிந்தறியாத அன்னையார், முதலில் மறுத்து, பின் ஒன்று அணிந்து, இரவு எட்டு மணிக்கு மூன்றாவது இணையைத் தாமே கேட்டு வாங்கினார்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒரு சொல். வானிலிருந்து பஞ்சாய் விழுவதும் பனி, விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி, வழியை மறைப்பதும் பனி, பாறையாய் இறுகியதும் பனி. வேண்டுமானால் மூடுபனி, பனித்துளி, பனிக்கட்டி என்று ஒட்டுப்போட்டுக்கொள்கிறோம். வங்காளத்தில் துஷார், சிசிர், குயாஷா, பரஃப் என்று தனித்தனிச் சொற்கள். முன்பனி, பின்பனி என இரு பருவங்கள் வகுத்த நம் முன்னோர் பார்த்த பனி வயல்வெளிப் பனி. அதற்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. மலைகளைப் பற்றிய அரசுக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது நாங்கள் படும் பாடு அன்றிரவு நினைவுக்கு வந்தது. சாலை வளைவுகளில் பளபளவென்று கண்ணாடிபோல் படிந்திருந்ததற்கு நல்ல தமிழ்ச்சொல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

விடுதி நடத்திய அம்மையார் சோறும் பருப்பும் கீரையும் பரிமாறினார். கடல் மட்டத்தில் நூறு பாகையில் கொதிக்கும் நீர் அவ்வுயரத்தில் தொண்ணூறு பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது; ஆதலால் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. எந்தக் குடிசையிலும் அழுத்தச் சமையற்கலம் சீழ்க்கையடிக்கிறது. அடுப்பருகே அமர்ந்து இதனைக் கண்டறிந்த அன்னையார், மிக்க ஆர்வத்தோடு எத்தனை சீழ்க்கை என்று விரலால் கேட்டு, அவ்வம்மையாரும் விரலாலேயே விடை சொல்ல, இருவரும் நெடுநேரம் உரையாடினர். ஆனால் சோற்றை இரண்டு கவளத்துக்கு மேல் அவர் உண்ணவில்லை. அதுதான் முதல் அறிகுறி.

இரவு பதினொரு மணிக்குத் தலைவலி என்றார். படுத்தால் மூச்சு விரைந்தது. எழுந்து உட்கார்ந்தால் சற்று அடங்கியது. தும்லிங்கில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. மூச்சு முழுதாக இழுத்தாலும் உள்ளே செல்லும் உயிர்வளி குறைவு. விரலில் மாட்டிப் பார்க்கும் சிறு கருவி எங்களிடம் இருந்தது. மாலையில் 91 என்று காட்டியது நள்ளிரவில் 86 என்று காட்டியது. கொல்கத்தாவிலிருந்து சென்ற பயணிகள் அம்மலைவழியில் உடல் குன்றி உயிர்நீத்த செய்திகளை அண்மை ஆண்டுகளில் நாளேடுகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். அவையெல்லாம் அப்போது ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் முன் வந்து நின்றன.

ஓட்டுநரை எழுப்பினோம். "இப்போது இறங்கலாம், ஆனால் மூன்று வளைவுகளில் நீர் உறைந்திருக்கிறது. ஆமாவின் நிலை பொறுக்கும் என்றால் விடிந்து இறங்குவது நல்லது. பொறுக்காது என்றால் சொல்லுங்கள், சங்கிலி கட்டி இறக்குகிறேன்" என்றார். முடிவு எங்களுடையது. மருத்துவர் எழுதித் தந்த தாளை எடுத்துப் படித்தோம். அறையின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்கு ஒரு பலகை இடுக்கின்மேல் நேராக நடக்கச் சொன்னோம்; நடந்தார். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள்களைச் சொல்லச் சொன்னோம், நட்சத்திரத்தோடு சொன்னார். இருமல் இல்லை. அமர்ந்திருந்தால் மூச்சு அமைதியாக இருந்தது. ஆகவே விடியும்வரை காப்பது, அரைமணிக்கு ஒருமுறை சோதிப்பது, ஒரு குறி மாறினாலும் புறப்படுவது என்று முடிவு செய்தோம். ஓட்டுநர் உடுப்பைக் கழற்றாமல் அடுப்பருகே படுத்தார்.

மறுநாள் சந்தக்பூ செல்வதாக ஏற்பாடு. 3,636 மீட்டர், மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம். எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு என்று உலகின் ஐந்து பெருஞ்சிகரங்களில் நான்கை அங்கிருந்து காணலாம். அதற்காகவே எங்கள் மகள் ஓராண்டாகப் பணம் சேர்த்து ஒரு தொலைநோக்கி வாங்கியிருந்தாள். பாட்டியை ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர் பிள்ளைகளோடு மேலே போய் வரலாமே என்ற பேச்சு எழுந்தபோது, போர்வைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது: "பாட்டியோடு எல்லாரும் இறங்குவோம்." உறங்குகிறாள் என்று எண்ணியிருந்தோம். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

விடிந்தது. வானில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. அன்னையாரைக் கம்பளியில் சுற்றி வாயிலில் நாற்காலியிட்டு அமர்த்தினோம். முதலில் ஒரு நுனி மட்டும் செம்பருத்தி நிறம் கொண்டது. பிறகு அந்நிறம் சரிவில் வழிந்து இறங்கியது. ஓரிரு நிமிடங்களில் முழுதும் பொன்னாயிற்று. முரஞ்சியூர் முடிநாகராயர் என்னும் புலவர் புறநானூற்றில் இமயத்தின் கொடுமுடியைப் பொன்னென்று பாடியிருக்கிறார். அது புலவர் வழக்கு என்றே படித்திருந்தோம். வழக்கு அன்று, கண்டவர் சொல்லக் கேட்டதாகவேனும் இருக்க வேண்டும்.

கும்பகர்ணா, கஞ்சன்ஜங்கா, பாண்டிம் முதலிய சிகரங்கள் சேர்ந்து மல்லாந்து படுத்த உருவம்போல் தோன்றுகின்றன. உறங்கும் புத்தர் என்று அவ்வூரார் சொல்கின்றனர். அன்னையார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பள்ளிகொண்ட பெருமாள்" என்றார். ஓட்டுநரிடம் மொழிபெயர்த்தோம். அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். 1955-இல் கஞ்சன்ஜங்காவில் முதன்முதல் ஏறிய ஜோ பிரௌனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் மக்கள் அதனைத் தெய்வமாக வணங்குவதால், உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்று திரும்பினர். பின்னர் ஏறியோருள் பலரும் அவ்வழக்கத்தைப் போற்றினர். அதைக் கேட்டதும் அன்னையார், "கருவறைக்குள் போகக்கூடாது என்று தெரிந்திருக்கிறது" என்றார்.

ஏழு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். மேக்மா தாண்டியதும் தலைவலி குறைந்தது. மானேபஞ்சனில் இரண்டு ரொட்டி கேட்டு உண்டார். கருவி 94 காட்டியது. இம்மலைநோய்க்கு இறங்குதலே முதல் மருந்து என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

காட்டில் செம்பாண்டாவைக் காண வேண்டும் என்பது மகனுடைய ஆசை. சிங்கலீலா 1992-இல் தேசியப் பூங்காவானது. அதன் மூங்கிற்காடுகள் செம்பாண்டாவின் இருப்பிடம். பன்னிரண்டு ஆண்டுகளாக அவ்வழி வண்டியோட்டும் எங்கள் ஓட்டுநர் மூன்றே முறை கண்டிருக்கிறார். நாங்கள் காணவில்லை. ஆகவே டார்ஜிலிங்கில் பத்மஜா நாயுடு இமாலய விலங்கியல் பூங்காவுக்குச் சென்றோம். சரோஜினி நாயுடுவின் மகளாரும் மேற்கு வங்கத்தின் ஆளுநராயிருந்தவருமான அம்மையாரின் பெயர் தாங்கிய இப்பூங்கா 1958-இல் தொடங்கியது. ஓங்கிய மலையிலேயே வாழும் விலங்குகளுக்கான இடம். பனிச்சிறுத்தையும் இமாலய ஓநாயும் உண்டு.

செம்பாண்டா பூனையைவிடச் சற்றுப் பெரியது. உள்ளங்காலிலும் மயிர், வளையமிட்ட வாலைக் குளிருக்குப் போர்வையாக முகத்தின்மேல் சுற்றிக்கொண்டு கிளையில் உறங்கும். பாண்டா என்றால் சீனத்துக் கருப்புவெள்ளைக் கரடியே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் 1825-இல் இதற்கே அப்பெயர் வழங்கப்பட்டது. கரடியை ஐரோப்பியர் அறிந்தது 1869-இல்தான். உலகக் காடுகளில் வளர்ந்தவை பத்தாயிரத்துக்கும் குறைவு என்பது அறிஞர் மதிப்பீடு. விலங்கைக் கூண்டில் அடைப்பது கொடுமை என்போர் கருத்தில் எங்களுக்கும் பாதி உடன்பாடுண்டு. எனினும் இப்பூங்கா தான் வளர்த்த இரு பெண் செம்பாண்டாக்களை 2003-இல் சிங்கலீலாவில் விட்டது. அண்மைக் காலத்திலும் அம்முயற்சி தொடர்கிறது. காட்டுக்குத் திருப்பித் தருவதற்கென்று வளர்க்கும் கூண்டை மற்றக் கூண்டுகளோடு சேர்த்து எண்ணலாகாது என்பது எங்கள் எண்ணம்.

செல்ல விரும்பும் அன்பர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை சிங்கலீலாப் பூங்கா மூடப்பட்டிருக்கும். நவம்பரிலும் டிசம்பரிலும் மலை தெளிவாகத் தெரியும்; குளிரும் கடுமை. ஏப்ரலில் சென்றால் மலை மங்கலாயினும் லாலி குராஸ் என்னும் செம்மலர் காடெல்லாம் பூத்திருக்கும். நம் நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதன் உறவுதான். முதியோரோடு செல்வோர் டார்ஜிலிங்கோடு நின்றாலும் குறைவில்லை. எங்கள் மகள் ஏப்ரலில் சந்தக்பூ செல்லப் போவதாகச் சொல்லித் தொலைநோக்கியைத் துடைத்துவைத்திருக்கிறாள்.

கொல்கத்தா திரும்பிய அன்று அன்னையார் கும்பகோணத்திலுள்ள தம் தங்கையாரைத் தொலைபேசியில் அழைத்தார். மலை, பெருமாள், குளிர் எல்லாவற்றையும் சொன்னார். தலைவலியைச் சொல்லவில்லை. "நேபாளம் போய் ஓர் இராத்திரி தங்கினேன். நல்ல மனிதர்கள். பருப்பு வேகத்தான் நேரமாகிறது" என்றார்.